இரும்புக்கதவு சொன்ன யோசனை

மொத்தம் பதினெட்டுப் பெண்கள் மாசமாக இருந்தார்கள். பதினெட்டுக்கும் அவன்தான் பொறுப்பு. யாரை யாரோடு எந்த அறையில் விடுவது என்று முடிவு செய்தவனே அவன்தான்.

"இன்னிக்கு ரெண்டு பேருக்குப் பிரசவம்," என்றான், சோபாவில் படுத்தபடி போனைப் பார்த்துக்கொண்டு.

"ரொம்ப சந்தோஷம். எழுந்து பால் பாக்கெட்டை உள்ள வைங்க," என்று சொல்லிவிட்டு மனைவி வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

ஊரறிய அவன் லிப்ட் மெக்கானிக். போனுக்குள் மட்டும் ஒரு நிலவறைக் காப்பகத்தின் தலைமை அதிகாரி. அந்த விளையாட்டில் வெளியே உலகம் அழிந்துவிட்டது, உள்ளே ஆள் பெருக வேண்டும். ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் படுக்கையறையில் விட்டால் பேசுவார்கள், சிரிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் ஒரு தலை கூடிவிடும். இப்படியே நூற்று அறுபத்து மூன்று பேரைத் தேற்றியிருந்தான்.

சொந்த வீட்டு நிலவரம் வேறு. கல்யாணமாகி ஒன்றரை வருஷம். அதில் எட்டு மாதமாக அவனுக்குப் படுக்கை இந்த சோபாதான். மனைவி கணுக்கால் முறிந்து கிடந்தபோது பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்த மாமியார், கட்டுப் பிரித்து ஆறு மாதம் ஆன பிறகும் இருந்த ஒரே படுக்கையறையில் மகளோடு படுத்துக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் முழுக்க மனைவியோடு அவன் பேசியது கேஸ் சிலிண்டரைப் பற்றி மட்டும்தான். "மாத்திட்டீங்களா?" "மாத்திட்டேன்." அதையும் பேச்சு என்று சேர்த்துக்கொண்டால்தான். இப்படியே போனால் அவள் தனக்கு யாரோ ஆகிவிடுவாளோ என்று அவனுக்குப் பயமாகவே இருந்தது.

மாமியார் பாட்டுக்குச் சாப்பாட்டு மேஜையில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். போன வாரம் அது வாளித் தண்ணீரில் விழுந்தபோது ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இவன்தான். பூப்படம் போட்டு காலை வணக்கம் அனுப்பத்தான் இத்தனை அவசரமா என்று வழியெல்லாம் முணுமுணுத்தான்.

மதியம் ஓர் அடுக்குமாடியின் மொட்டைமாடியில், லிப்ட் மோட்டார் அறையில் டிபன் டப்பாவை மூடிவிட்டு விளையாட்டைத் திறந்தான். விளையாட்டுக் குழுவில் அவனுக்கு வாய்த்த குருவின் பெயர் இரும்புக்கதவு. முந்நூறு பேரைக் கட்டி மேய்க்கிற கை. நடுவில் நாலு நாள் அவர் ஆளையே காணாததால் இவன் காப்பகத்தில் தண்ணீர் தீர்ந்து பாதிப் பேர் சுருண்டுவிட்டார்கள்.

"சார், ஏழாம் ரூம்ல ஒரு ஜோடி ரெண்டு நாளா வாயே திறக்கல," என்று தட்டினான்.

"ரூம்ல வேற யாராவது நிக்கிறாங்களா?"

"பொண்ணோட அம்மா நிக்குது."

"மூணாவது ஆளை வேற ரூமுக்கு மாத்துங்க. தானா பேசிக்குவாங்க."

அத்தோடு விட்டிருக்கலாம். இவனுக்கோ விரல் சும்மா இருக்காது. "எங்க வீட்லயும் இதே கதைதான் சார்," என்று ஆரம்பித்து கணுக்கால், சோபா, எட்டு மாதம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான்.

பதில் வர நேரமானது. "அவங்ககிட்ட நேரா சொல்லிப் பார்த்தீங்களா?"

"எப்படி சார் சொல்றது? நல்ல மனுஷி. எனக்குக் காய்ச்சல்னதும் ரெண்டு நாள் தூங்காம பார்த்துக்கிட்டாங்க. ஆனா என் பொண்டாட்டிகிட்ட நான் பேசணுமே."

கீழிருந்து யாரோ லிப்டுக்குக் கூப்பிட, போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தான்.

அன்று சாயங்காலம் சொல்லியே தீர்வது என்று வீட்டுக்குப் போனான். பன்னிரண்டாவது மாடியில் லிப்ட் கூரை மேல் அசராமல் நின்று வேலை பார்க்கிறவன், மாமியார் எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அத்தை..."

"என்ன மாப்ளே?"

"சாப்பாடு ரொம்ப நல்லா இருக்கு அத்தை."

"இன்னும் பரிமாறவே இல்லையே மாப்ளே."

தலையைக் குனிந்துகொண்டு தட்டைத் துடைத்தான்.

மறுநாள் காலை அவன் கண் விழித்தபோது வாசலில் மாமியாரின் பெட்டி நின்றது.

"என்னம்மா திடீர்னு?" என்றாள் மனைவி.

"வீட்டைப் பூட்டிப் போட்டு எட்டு மாசமாச்சு. உன் காலும் சரியாயிடுச்சு. நான் போய் என் வேலையைப் பார்க்கிறேன்."

அவன் பெட்டியை லிப்ட் வரை தூக்கிவந்தான். உள்ளே மனசு துள்ளிக் குதித்தது, முகத்தை மட்டும் தொங்கப்போட்டுக்கொண்டான். அம்மாவை பஸ் ஏற்றிவிட மனைவியும் கூடப் போனாள்.

கதவைச் சாத்தியதும் முதல் வேலையாக இரும்புக்கதவுக்கு எழுத உட்கார்ந்தான். நடந்ததை நடந்தபடி எழுதினால் மரியாதை மிஞ்சாது. அதனால் கொஞ்சம் காரம் சேர்த்துக்கொண்டான்.

"சார், உங்க யோசனை பலிச்சிடுச்சு. நேத்து கிழவியை உட்கார வச்சு கறாரா நாலு வார்த்தை சொன்னேன். காலையில பெட்டியைக் கட்டிடுச்சு. நம்மகிட்ட நடக்குமா?"

அனுப்பிவிட்டு படுக்கையறைக்கு ஓடினான். விரிப்பை உதறிப் போட்டான். மனைவி திரும்பி வந்ததும் முதலில் என்ன பேசுவது என்று கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஹாலில் போன் சிணுங்கியது.

இரும்புக்கதவுதான் பதில் போட்டிருந்தார்.

"பஸ் ஏறிட்டேன், மாப்ளே."