மூளிப் புரவி

அய்யனார் கோயிலுக்குப் போகும் மண்குதிரையின் காலடியில் மிதிபட்டுக் கிடந்த அசுரனைப் பார்த்து, ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

முருங்கைக்காய் மூக்கு. அதன் நுனியில் ஒரு மரு. பொத்தான் தெறித்த தொப்பை, தலையில் தொப்பி, கையில் பெயர்ப் பட்டியல்.

சிங்கம்புணரிப் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் அந்த மூக்கைத் தெரியும். வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் பிடிக்கும் தண்டாயுதபாணியின் மூக்கு அது.

கண்மாய் மடையை அடைத்துவிடுவேன் என்று மிரட்டி, ஐந்து பேரிடம் கைநாட்டு வாங்கியிருந்தார் அந்த மனிதர். முதல் பெயர் மருது. குதிரையைச் செய்த நாகவல்லியின் புருஷன்.

போன வருடம் பாஸ்ராவுக்குக் கப்பலேறிய மூன்று பேரில் ஒருவன்கூடத் திரும்பவில்லை. மருதுவை விட்டால் நாகவல்லிக்கு வேறு நாதியில்லை.

அது 1918 புரட்டாசி. புரவி எடுப்புத் திருவிழாவுக்காக ஊர் ஆண்கள் அத்தனை பேரும் காப்புக் கட்டியிருந்தார்கள். மருது முன்கம்பைப் பிடிக்க, குதிரை தோள்களின் மேல் ஆடி ஆடி வந்தது.

நாகவல்லி அசுரன் தலையில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தாள். பெற்ற பிள்ளையைக்கூட இப்படித் தாங்கமாட்டாள் என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

எல்லைக்கல் அருகே தண்டாயுதபாணியின் வில்வண்டி நின்றது. ஐந்து பேரையும் அன்றே திருப்பத்தூருக்கு ஏற்றிப்போக வந்தவர், சிரிப்புச் சத்தம் கேட்டு இறங்கினார்.

குதிரையை இறக்கினார்கள்.

அவர் அசுரனைப் பார்த்தார். அசுரனும் அவரைப் பார்த்தான். மேளக்காரன் அடக்க முடியாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டான்.

நாகவல்லி கையை எடுத்துவிட்டு ஒதுங்கினாள்.

தண்டாயுதபாணி பிரம்பால் அந்த மூக்கில் ஓங்கிக்கூட அடிக்கவில்லை, லேசாகத்தான் தட்டினார். அசுரன் தலை உருண்டு வந்து அவருடைய பூட்ஸில் முட்டியது.

"ஐயோ!" என்று நாகவல்லி மண்ணில் விழுந்தாள். தண்டாயுதபாணியோடு வந்த சேவகர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிரையைக் கும்பிட்டார்கள்.

அசுரன் தலை உடைந்தாலும் புரவி மூளிதான், மூளியான புரவி கோயில் ஏறாது, புதுப் புரவி வரும்வரை காப்பு அவிழாது, காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது என்று பூசாரி சொன்னார்.

புதுசு எப்போது வரும் என்று கேட்டார் தண்டாயுதபாணி.

"மழை வரப்போகுது எசமான். தை பொறந்தாத்தான் சூளை வைக்க முடியும். என்னைய என்ன செய்யச் சொல்றீக?" என்று அழுதாள் நாகவல்லி.

அவர் பூட்ஸைக் கழற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியேறினார். வண்டி காலியாகத் திரும்பியது.

மருது அசுரன் தலையைக் கையில் எடுத்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.

சூளையில் வெந்த மண் இல்லை. காலையில் வைத்து ஒட்டிய பச்சைக் களிமண், இன்னும் ஈரம். அதில் நாகவல்லியின் கட்டைவிரல் பதிந்திருந்தது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் மாரில் அடித்துக்கொண்டு, ஒப்பாரியை இன்னும் ஒரு கட்டை ஏற்றினாள்.

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. மருதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு கூடச் சேர்ந்து அழுதான்.