கூண்டுக்குள் ஒரு கண்ணாடி

மெர்சி முதன்முதலாக காக்கட்டீல் என்னும் சிறு கொண்டைக்கிளி ஒன்றை வாங்கி வந்தாள். அது தனியாக ஏங்கக் கூடாதே என்று கூண்டுக்குள் ஒரு கண்ணாடியை மாட்டினாள். அன்றிலிருந்து கண்ணாடிக்குத் தலைகால் புரியவில்லை.

"இவனுக்கு நான் ஒருத்தன் போதும்," என்று பக்கத்தில் தொங்கிய மணியிடம் பீற்றிக்கொண்டது. "இவன் தலையாட்டினால் நானும் ஆட்டுகிறேன். ஒருநாளாவது எங்களுக்குள் சண்டை வந்திருக்கிறதா?"

"பார்ப்போம்," என்றது மணி.

தினமும் மெர்சியின் கை தினைக்கதிரோடு உள்ளே வரும். பறவை கொண்டையைத் தூக்கிக்கொண்டு சீறும். கண்ணாடியும் கூடவே சீறும். கை அசையாமல் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விடும்.

ஒருநாள் பறவையின் தலையில் புது இறகுகள் முளைத்து அரிப்பெடுத்தது. அலகு அங்கே எட்டவில்லை.

"நண்பா, கொஞ்சம் கோதிவிடேன்," என்று கண்ணாடியின் முன் தலையைத் தாழ்த்தியது.

"இதோ!" என்று கண்ணாடியும் தலையைத் தாழ்த்தியது.

இரண்டும் குனிந்தபடியே வெகுநேரம் நின்றன.

அப்போது கை வந்தது. பறவை சீறவில்லை, திரும்பி நின்று தலையைக் கொடுத்தது. ஒரு விரல் மெல்லக் கொண்டைக்குள் நுழைந்து கோதியது.

"டேய், நான் இங்கே இருக்கிறேன்!" என்று கத்தியது கண்ணாடி.

அதில் முதன்முறையாகப் பறவையின் முதுகு தெரிந்தது.