இளைப்பாறாத தாடை

டாக்டர் பாண்டுரங்கன் மெஹபூப் பீயின் இரண்டு கன்னத்திலும் பசை தடவி, பொட்டு அளவு தகடுகளை ஒட்டினார்.

அவள் புருஷன் ஜான் பாஷா பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருந்தான். செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் அன்று பல் முகாம். மெட்ராஸிலிருந்து மிஷின் வந்திருந்தது. தாடைச் சதை எவ்வளவு வேலை செய்கிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டிவிடுமாம்.

மெஹபூப் பீக்கு மேல் பல்லும் கீழ்ப் பல்லும் சேர்வதில்லை. இரண்டு வருஷமாகக் கஞ்சிதான்.

எண்பத்து நாலில் விஷக் காய்ச்சல் கண்டு அவள் மூச்சு அடங்கிவிட்டது. வைத்தியரும் கைவிரித்துவிட்டார். மவுத்தானவர்களின் வாய் திறந்து கிடக்கக் கூடாதென்று, தாடையைத் தூக்கி உச்சந்தலையோடு துணியால் கட்டுவது வழக்கம். குளிப்பாட்டும் பெண்கள் வருவதற்குள் உடம்பு விறைத்துவிடுமே என்று ஜான் பாஷாவே கட்டினான். முதல் செம்புத் தண்ணீர் விழுந்ததும் அவள் கண் விழித்தாள்.

அல்லாவின் கருணை என்று ஊரே கொண்டாடியது. அதே ஊர்தான், மண்டியில் மல்லாட்டைக் கடலை மூட்டை கட்டுகிற இவன் கை கட்டினால் தாடை கோணாமல் என்ன செய்யும் என்று பிறகு சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கோணலுக்கு அந்தக் கட்டு காரணமில்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜான் பாஷா வந்திருந்தான்.

டாக்டர் அவளைக் கடிக்கச் சொன்னார். மிஷினின் முள் குதித்தது. விடச் சொன்னார். முள் படுத்துக்கொண்டது. கடிக்கிற சதையில் பழுதில்லை என்றார்.

ஜான் பாஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பிறகு தகடுகளை மோவாய்க்கு அடியில் ஒட்டினார். எதுவும் செய்யச் சொல்லவில்லை. முள் எகிறியது.

டாக்டர் ஒயரைப் பார்த்தார். தன் மோவாயில் ஒட்டிப் பார்த்தார். கோடு நேராக ஓடியது. மறுபடி அவளுக்கு ஒட்டினார். மறுபடியும் எகிறியது.

அவள் சுவரைப் பார்த்தபடி சும்மாதான் உட்கார்ந்திருந்தாள்.

இது வாயைத் திறக்கிற சதை என்றார் டாக்டர். எதையோ எதிர்த்துத் திறக்கப் போராடுவதுபோல, ஒரு பக்கமாகவே, ஓயாமல் இழுக்கிறதாம். இந்த இழுப்பில்தான் தாடை ஒதுங்கியிருக்கிறது. வாயிலோ தடுப்பு எதுவும் இல்லை. எப்போதிலிருந்து இப்படி என்று அவளையே கேட்டார்.

தாள் மடிந்து மடிந்து தரையில் விழுந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கி எனக்கு நெனவு இருந்துச்சு டாக்டரு. இவரு கட்டுறப்ப இவரத்தான் கூப்ட்டுக்கினே இருந்தேன். வாயி தொறக்கல."

அவள் குரலில் கோபம் இல்லை. இரண்டு வருஷத்தில் அதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.

ஜான் பாஷாவும் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. துணியைச் சுற்றும்போது அவன் உள்ளங்கையில் அவள் தாடை அசைந்தது. இரண்டு தடவை அசைந்தது. அந்தப் பயத்தில்தான் அவன் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.