ஐப்பசியில வாங்க

"பிப்ரவரியா? ஐயோ, வேணாம் பிரியங்கா. ஒரே பனி. குழந்தைக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்."

இலக்கியா இப்படிப் போனில் சொன்னதும், மீன் கழுவிக்கொண்டிருந்த மாமியார் ஞானாம்பாளின் கை நின்றுவிட்டது.

படிக்கப் போன பிரான்சிலேயே கல்யாணமும் செய்துகொண்ட மகள், இப்போதுதான் முதல்முறையாகப் புருஷனையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாள். இவள் என்னடாவென்றால்...

"நெட்ல பார்த்தேன் அண்ணி. அதுதான் நல்ல சீசன்னு போட்டிருக்குது" என்றாள் பிரியங்கா ஸ்பீக்கரில்.

"போட்டவன் நம்ம மரக்காணத்துல ஒருநாளாவது படுத்து எழுந்திருப்பானா?"

பிரியங்கா சிரித்தாள். "சரி, ஜூலை லீவுல வரட்டுமா?"

"உங்க வீட்டுக்காரர் செவசெவன்னு இருக்காரு. வெயில்ல வதங்கிப் போயிடுவாரு."

"அப்ப எப்பதான் வர்றது?"

"ஐப்பசியில வாங்க. அக்டோபர் கடைசி. ஜில்லுன்னு இருக்கும்."

ஜில்லென்றா? ரோட்டில் மரம் சாய்ந்து, கரண்ட் போய், வாசல்வரை தண்ணீர் நிற்கிற மாசமாயிற்றே!

"எங்களுக்கும் அப்ப லீவுதான். அதையே பார்க்கிறேன். அப்பா எங்க அண்ணி?"

"கடைத்தெரு வரைக்கும் போயிருக்காரு."

வாய் கூசாமல் ஒரு பொய். மாமனார் பாவாடை விடியற்காலையே உப்பளத்துக்குக் கூலி வேலைக்குப் போனவர்.

போன் வைத்ததும் ஞானாம்பாள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, நாத்தனாருக்கு நாலு நாள் பொங்கிப் போடக் கை வலிக்குதா? மழைன்னா பயந்து வராமப் போயிடுவான்னு பார்க்கிறியா?"

"நீங்க மீனைப் பாருங்கத்தை. பூனை பார்த்துக்கிட்டு இருக்குது."

"பேச்சை மாத்தாத! நானே போன் போட்டு, மாசியிலயே வாடின்னு சொல்றேன்."

ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துப் பாவாடை உள்ளே வந்தார். முழங்கால்வரை வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"பாப்பா எப்ப வருதாம்மா?"

"ஐப்பசியில மாமா."

"மழையிலயா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்லது, நல்லது." சொல்லிக்கொண்டே கால் கழுவப் போய்விட்டார்.

ஞானாம்பாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதுல என்னாடி நல்லது?"

இலக்கியா குரலைத் தாழ்த்தினாள். "அவ படிப்புக்காக நம்ம உப்புப் பாத்தியை வித்ததை மாமா இன்னும் அவகிட்ட சொல்லவே இல்லத்தை. 'ஆள் வெச்சிருக்கேன், குடை புடிச்சிக்கிட்டுக் கரையில நிக்கிறதுதான் எனக்கு வேலை'ன்னு போன்ல சொல்லிக்கிட்டு இருக்காரு. உப்பு வார்ற காலத்துல வந்தாள்னா, 'நம்ம பாத்தியைக் காட்டுப்பா'ன்னு புள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவா."

ஞானாம்பாள் போனை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஐப்பசியில எல்லாப் பாத்தியும் தண்ணிக்கடியில கெடக்கும். எது யாருதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?"