பாலாக வெளுத்த கால்மிதி

ஐப்பசி அடைமழைக் காலத்தில், ஒரு விடியற்காலையில், குளியலறைக் கொடியில் தொங்கிய புது வெள்ளைக் கால்மிதி, தரையில் நான்காக மடிந்து கிடந்த பழைய துண்டைப் பார்த்து நகைத்தது.

“அக்கா, உன்னைக் கண்ட கால்களெல்லாம் மிதிக்கின்றன. என்னையோ விருந்தாளிக்கென்றே பொத்திப் பாதுகாக்கிறார்கள்.”

“இருக்கட்டுமடி. மிதிபடாத கால்மிதிக்கு என்ன பெயர்?”

அன்றே சம்பந்தியம்மாள் வந்தார். துண்டை வாளிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, வெள்ளைக் கால்மிதியை விரித்தார்கள். குளித்து வந்த அம்மாள், “அடடா, பாலாக இருக்கிறதே! இதையா மிதிப்பது?” என்று ஈரக்காலோடு அதைத் தாண்டினார், வழுக்கி விழுந்தார், கணுக்கால் பிசகியது.

“என் அழகில் இடி விழ! இனி என்னையும் நாலு பேர் மிதிக்கட்டும், அக்கா” என்று முனகியது கால்மிதி.

மாலையில் தைலத்துக்கு எண்பது ரூபாய் கொடுத்தவர் வீட்டுக்காரர். சொட்டு ஈரமும் படாத கால்மிதியைத் தட்டி, மீண்டும் கொடியில் ஏற்றியவரும் அவரே.