சங்கத்துக்கு வந்த நீல வேன்

நீல வேனின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்த நெசவாளர் சங்கத் தலைவர் பஞ்சாட்சரம், உட்கார்ந்த வாக்கிலேயே நாலு குலுக்கு குலுக்கிப் பார்த்தார். "பாரம் தாங்குதான்னு பாக்குறாரு" என்று பக்கத்தில் நின்ற சங்கத்து டைரக்டர் சபாபதி எல்லோருக்கும் விளக்கினார்.

வேப்ப மரத்தடியில் தன் மாட்டு வண்டியில் சாய்ந்து நின்ற தர்மன் ஒவ்வொரு குலுக்கலையும் எண்ணிக்கொண்டிருந்தான். ரயிலடியில் வந்து இறங்கும் பட்டு நூல் மூட்டைகளைப் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் சேர்ப்பதுதான் அவன் பிழைப்பு. இந்த வேன் வந்துவிட்டால் அவனும் பெண்டாட்டி பூவம்மாளும் எதைத் தின்பது?

ஆனால் சங்கத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது. தினசரி போக வர, அவ்வப்போது சரக்கு ஏற்ற, ஒரு பிக்கப் வேன் வாங்கியே தீர வேண்டும். மனுஷன் நிலாவுக்குப் போய்வந்த காலத்தில் காஞ்சிபுரம் பட்டு மட்டும் மாட்டு வண்டியில் போவதா என்று தலைவர் மூச்சு விடாமல் முழங்கியிருந்தார்.

வேன் தேர்வு என்றால் சும்மாவா, பெண் பார்ப்பதைவிடப் பெரிய பாடு. முதலில் வந்தது ஒரு மூன்று சக்கர டெம்போ. எத்தனை மூட்டை போட்டாலும் முக்காமல் முனகாமல் இழுத்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் இதிலிருந்து இறங்கினால் கத்தரிக்காய் விற்க வந்தவன் என்று நினைப்பார்களே என்று தலைவர் கவலைப்பட்டார். டெம்போ வந்த வழியே போயிற்று.

அடுத்து, பட்டாளத்து ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப். மலையையே கட்டி இழுக்கும் என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். "இவ்ளோ ஒசரத்துல பொம்பளைங்க எப்படிப்பா ஏறுவாங்க?" என்று சபாபதி ஒரே கேள்வியில் அதை அனுப்பி வைத்தார். சங்கத்தில் வேலை பார்க்கிற பொம்பளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாவதுதான் இந்த நீல வேன். குலுக்கி முடித்து இறங்கிய தலைவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அன்று சாயங்காலம் டீக்கடையில் கைலாசம் வந்து தர்மன் பக்கத்தில் உட்கார்ந்தான். கைலாசம் தலைவரின் மச்சினன். அதுவரை தர்மனை ஏறெடுத்தும் பார்க்காதவன், அன்றைக்கு இரண்டு டீயும் மசால் வடையும் வரவழைத்தான். வேன் ஓட ஆரம்பித்துவிட்டால் வைக்கோலுக்குக்கூட வழியிருக்காது, அப்புறம் கசாப்புக்காரன் கேட்ட விலைக்குத்தான் மாடுகளைத் தள்ள வேண்டியிருக்கும் என்று தொண்டை கரகரக்கப் பேசினான். அடடா, என்ன கரிசனம்.

"எனக்கு நெலமும் இல்ல, கொல்லையும் இல்ல. மாட்டை வச்சிக்கினு நான் என்னா பண்ணப் போறேன்? ஒனக்காகத்தாம்பா எடுத்துக்கிறேன்" என்றான்.

வேண்டாம், கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று பூவம்மாள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். தர்மன் கேட்கவில்லை. வண்டியும் மாடுகளும் பாதி விலைக்குக் கை மாறின. தெரு முனை திரும்பும்போது வலப்பக்கத்து மாடு கழுத்தைத் திருப்பி இவனைப் பார்த்தது. நடுத்தெரு என்றும் பாராமல் தர்மன் தேம்பித் தேம்பி அழுதான். அந்த அழுகையிலும், கைலாசம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டான்.

வேன் வந்தது. கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் என்று தடபுடலாகப் பூஜை நடந்தது. தர்மனுக்கும் ஒரு தொன்னை சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது.

அதன் பிறகு வேனுக்கு ஓய்வு ஒழிச்சல் இல்லை. தலைவர் சம்சாரம் தில்லையம்மாள் கிருத்திகைக்குத் திருத்தணி போய்வந்தாள். சபாபதி வீட்டில் எல்லோரும் சினிமாவுக்குப் போனார்கள். ரயிலடியில் மூட்டைகள் மலையாகக் குவிந்தன. நூல் இல்லாமல் தறி நின்றுபோன நெசவாளர்கள் சங்கத்து வாசலில் வந்து கூச்சல் போட்டார்கள்.

மறுநாள் காலையில் தலைவர் கூப்பிடுவதாகத் தர்மனுக்கு ஆள் வந்தது. அவன் சாப்பிட்ட கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினான். வேனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையாவது கிடைக்கும், வீட்டில் உலை கொதிக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டான்.

சங்கத்து வாசலில் வேன் நின்றது. பின்பக்கம் இலவம்பஞ்சு மெத்தை, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. "இதுல போயி மூட்டையை ஏத்துனா மெத்தை என்னாவுறது?" என்று தலைவர் நெசவாளர்களுக்கு நியாயம் சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் குலுக்கிப் பார்த்தது மூட்டைக்காக இல்லை என்பது தர்மனுக்கு இப்போதுதான் விளங்கியது. சரக்குக்கு வேறு ஏற்பாடாம், அதற்கும் தீர்மானம் போட்டுக் காண்டிராக்ட் கொடுத்தாகிவிட்டதாம்.

அந்த ஏற்பாடு வேப்ப மரத்தடியில் நின்றது. அவனுடைய அதே வண்டி, அதே மாடுகள். முன்னால் கைலாசம் கையில் சாட்டையோடு வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். எவ்வளவு அதட்டியும் மாடுகள் ஓரடி எடுத்து வைக்கவில்லை. தர்மனைக் கண்டதும் வலப்பக்கத்து மாடு தலையை ஆட்டிக் கழுத்துமணியைக் குலுக்கியது.

தலைவர் வந்து தர்மனின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"மாடு ஒன்னாண்டதானே பழகியிருக்குது. நீயே ஓட்டுப்பா, கைலாசம் கூலி குடுப்பான்."