ஸ்பெஷல் கிளாஸில் நிற்காதவன்

தாம்பரம் தாம்பரம்னு ஒரு ஊராம். அந்த ஊர்ல ரயில் சத்தம் கேக்கற தூரத்துல ஒரு காலேஜாம். அந்தக் காலேஜ்ல, ஸ்பெஷல் கிளாஸ்னா கால் தரையில பாவாத ஒரு பையனாம்.

பேர் ஜெபின். சைக்காலஜி, கடைசி வருஷம்.

இன்றைக்கும் பெஞ்சுக்கு அடியில் அவன் கால் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தது. அனந்தகிருஷ்ணன் சார் போர்டில் தலைப்பை எழுதி முடிக்கவில்லை: 'சிறுவயதுப் பாதிப்பும் மாணவர்களின் மன அழுத்தமும்'.

"சார்..." அதற்குள் ஜெபின் எழுந்துவிட்டான்.

"என்னப்பா, இன்னிக்கும் கெளம்பணுமா?"

"ஆமா சார்."

"ஆளு வெயிட் பண்ணுது சார்!" பின்பெஞ்சிலிருந்து சூர்யா குரல் கொடுக்க, வகுப்பே சிரித்தது.

சாருக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற வகுப்புக்கெல்லாம் ஒழுங்காக வருகிறவன், சாயந்திரம் அவர் எடுக்கும் இந்த ஒன்றில் மட்டும் பாதியில் ஓடுகிறான் என்றால் என்ன அர்த்தம்?

"வாசலைத் தாண்டினே, அட்டெண்டன்ஸ் கிடையாது. ஹால் டிக்கெட்டும் கிடையாது. ஒரு வருஷம் போயிடும், பாத்துக்கோ."

ஜெபின் நின்றான். வாசலைப் பார்த்தான், சாரைப் பார்த்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

"அந்தக் காலைப் பாருங்க எல்லாரும்," என்றார் சார். "சின்ன வயசுல பட்டது உடம்புல தங்கும்னு போன கிளாஸ்ல சொன்னேன்ல? சொல்லுப்பா, உனக்கு என்ன பாதிப்பு? உங்கப்பா பைக் வாங்கித் தரலையா?"

மறுபடியும் சிரிப்பு.

"ரெண்டாங்கிளாஸ்ல என்னைக் கூட்டினு போக யாரும் வர மாட்டாங்க சார். அப்பா குடிச்சிட்டு எங்கயாவது விழுந்து கெடப்பாரு. எல்லாப் பசங்களும் போயிடுவாங்க. நான் மட்டும் இருட்டற வரைக்கும் கேட்டுல நிப்பேன். ஒருநாள் எவனோ ஒருத்தன், 'வாடா, உங்கப்பாகிட்ட கூட்டினு போறேன்'னு..."

சிரிப்பு நின்றுபோயிருந்தது.

சார் குரலைத் தணித்துக்கொண்டார். "சரிப்பா. அது அப்போ. இப்ப உனக்கு என்ன அவசரம்?"

"எங்க தெருவுல ஒரு நர்சரி ஸ்கூல் கீது சார், சேலையூர்ல. அங்க ஒரு பாப்பா தனியா நின்னுகினு இருக்கும். வூட்லேர்ந்து ஆள் வர்ற வரைக்கும் எதிர் டீக்கடையில நின்னு பாத்துப்பேன். கிட்ட போக மாட்டேன் சார், பயந்துடும்."

"என்ன மனுஷங்களோ!" சாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பெத்துட்டா ஆச்சா? யாரு வீட்டுக் குழந்தைன்னு சொல்லு. நானே போய் நாலு கேள்வி கேக்கறேன்."

ஜெபின் வகுப்பை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு மேடையேறி, சாரின் காதருகே குனிந்தான்.

"ஸ்நேகா சார். உங்க பொண்ணு."

சார் கையில் சாக்பீஸ் அப்படியே நின்றது.

"அங்க... ஆயா இருப்பாங்களே..."

"அந்தம்மா ஸ்கூல் விட்டதும் பூட்டிகினு போயிடும் சார். ஸ்பெஷல் கிளாஸ் அன்னிக்கெல்லாம் உங்க ஸ்கூட்டர் வந்தப்புறம்தான் நான் வூட்டுக்குப் போவேன். இந்நேரம் தனியா நின்னுகினு இருக்கும். நீங்க கெளம்புங்க சார்," என்றான் அதே தணிந்த குரலில்.

சார் மேஜைமேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். படியில் கால் வைக்கும்போது பின்னால் சூர்யாவின் குரல் கேட்டது.

"காதுல இன்னாடா ஓதுன? மூஞ்சி வெளுத்துப் போச்சு!"

"ஒண்ணுமில்ல மச்சான்," என்றது ஜெபினின் குரல். "ஹால் டிக்கெட்டுக்குக் கெஞ்சிக் கேட்டேன்."

சார் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.